வீடு வாங்குவோருக்கான வரி வரவு: உள்ளூர்ச் சந்தையைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் முதல் வீடு வாங்குவோருக்கு வரி வரவு தரலாம் என்ற யோசனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தலைதூக்குகிறது. அப்போதெல்லாம் தங்கள் ஊரில் வீட்டு விலை என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவசரமான பதில்களும் கூடவே வந்துவிடுகின்றன. 2008 முதல் 2010 வரை அந்நாட்டின் கூட்டாட்சி அரசு 2,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு இதை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அந்த அனுபவத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள்கூடச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. டேக்ஸ் கிரெடிட் எனப்படும் வரி வரவு, கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிக்கப்படும் தொகை; வீட்டுக் கடன் வட்டிக்குத் தரப்படும் கழிவோ வரிக்கு உட்படும் வருமானத்தை மட்டும் குறைக்கிறது. அப்போதிருந்த 15 சதவீத வரி அடுக்கில் இருந்தவருக்கு 8,000 டாலர் கழிவால் மிச்சமானது 1,200 டாலர். 8,000 டாலர் வரவால் மிச்சமானது முழுத் தொகையும்தான். 2009-ஆம் ஆண்டின் வரவு, வரியைவிடக் கூடுதலாக இருந்தால் மீதியைக் கையில் தரும் வகையைச் சேர்ந்தது. சந்தையில் அதற்கு அத்தனை வேகம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறுக்கு வருவோம். காசோலை வீடு வாங்குபவரின் பெயரில் வருவதால் பலன் முழுவதும் அவருக்கே சேர்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வரி வரவு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதல்ல, பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதே அதன் பலன் யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே வீட்டுக்கு நான்கு பேர் விலை கேட்கிறார்கள், நால்வருக்கும் 8,000 டாலர் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவர் 5,000 டாலர் கூட்டிக் கேட்டால், மற்றவர்களும் கூட்டியே ஆக வேண்டும். அந்த 5,000 டாலர், 3.5 சதவீத முன்பணம் போக, 5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக மாறினால் மாதத் தவணை ஏறத்தாழ 26 டாலர் கூடும். 30 ஆண்டுகளில் மொத்தம் 9,300 டாலருக்கு மேல் போகும். இன்று கைக்கு வரும் 8,000 டாலரையும் முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கட்டும் தொகையையும் அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் விலை ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் வரவை மட்டும் லாபமாகக் காட்டுவது அதைவிடப் பெரிய பிழை. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கப்போவது வரவுக்குத் தகுதியில்லாதவரும்தான் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு இதுவே மிகவும் வருத்தமளிக்கிறது.

நாடு முழுவதற்குமான சராசரியைத் தம் ஊருக்கு அப்படியே பொருத்துவது அடுத்த தவறு. 2009-இல் வரவு வீட்டு விலையில் 10 சதவீதம், உச்சவரம்பு 8,000 டாலர். ஆகவே 80,000 டாலரைத் தாண்டிய எந்த வீட்டுக்கும் தொகை ஒன்றே. ஒரு லட்சம் டாலர் வீடுகள் கிடைத்த ஊரில் அது விலையில் 8 சதவீதம். ஆறு லட்சம் டாலர் வீடுகள் உள்ள ஊரில் 1.3 சதவீதம்தான், பேரம் பேசும்போதே அது கரைந்துபோகும். தொடக்கத்தில் தனிநபருக்கு 75,000 டாலர், தம்பதியருக்கு 1,50,000 டாலர் என்ற வரம்பைத் தாண்டினால் வரவு குறையத் தொடங்கியது. விலை உயர்ந்த நகரங்களில் வீடு வாங்கக் கூடிய பலரை இந்த வருமான வரம்பே ஒதுக்கிவிட்டது. நிலமும் கட்டட அனுமதியும் எளிதில் கிடைக்கும் ஹூஸ்டன் போன்ற ஊரில் தேவை கூடினால் புதிய வீடுகள் எழும்பும். சான் பிரான்சிஸ்கோவில் அதே தேவை பெரும்பாலும் விலையாகவே உயரும். லாஸ் வேகஸில் நடந்தது வேறு கதை. வங்கிகள் கைப்பற்றிய வீடுகள் அங்கே குவிந்து கிடந்ததால், வரவு முடிந்த பிறகும் விலை 2012 வரை இறங்குமுகமாகவே இருந்தது.

விற்பனை கூடியதைப் புதிய தேவை என்று எண்ணிக்கொள்வதும் தவறு. 2009 நவம்பரில் செய்த திருத்தத்தின்படி, வரவைப் பெற 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பத்திரப்பதிவை முடிக்க முதலில் ஜூன் 30 வரை தந்த அவகாசம் பிறகு செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. கோடையில் வாங்கலாம் என்றிருந்தவர்கள் வசந்த காலத்திலேயே வாங்கி முடித்தார்கள். விளைவாக, 2010 ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்தைய மாதத்தைவிட ஏறக்குறைய 27 சதவீதம் சரிந்தது. ஏப்ரல் மாத எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சந்தை மீண்டுவிட்டது என்று விலையை உயர்த்தி வைத்த விற்பனையாளர், ஆகஸ்டில் வீட்டைப் பார்க்க வருவோரே இல்லாமல் காத்திருக்க நேர்ந்திருக்கும். உள்ளூர்ச் சந்தையை அளக்க விரும்புபவர் கெடுவுக்கு முந்தைய ஆறு மாதங்களையும் பிந்தைய ஆறு மாதங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான மாதம் வேறு, பதிவு முடிந்த மாதம் வேறு என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு எளிய கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவர் சொந்த வீடு வாங்கிக் குடிபோனால், விற்பனைக்கிருந்த காலி வீடு ஒன்று குறையும். வாடகைச் சந்தையில் காலி வீடு ஒன்று கூடும். ஊரில் குடும்பங்களின் எண்ணிக்கை மாறவில்லை. பெற்றோருடன் இருந்தவர் தனிக்குடித்தனம் போனால் மட்டுமே உண்மையில் ஒரு வீடு நிரம்புகிறது. ஒரே வீட்டில் நெடுநாள் இருந்த உரிமையாளர்களுக்குத் தந்த 6,500 டாலர் வரவு இதில் இன்னும் பலவீனமானது. அவர் ஒன்றை வாங்கி இன்னொன்றை விற்றால் புள்ளிவிவரத்தில் இரண்டு விற்பனைகள் ஏறும். காலி வீடுகளின் கையிருப்பு அப்படியே இருக்கும்.

2008-இன் வரவையும் 2009-இன் வரவையும் ஒன்றாகப் பேசுவது சிறிய தவறாகத் தோன்றும், ஆனால் வீட்டை விற்கும் முடிவையே அது பாதிக்கும். 2008-இல் தந்த 7,500 டாலர், பெயரளவில்தான் வரவு. உள்ளபடி அது ஆண்டுக்கு 500 டாலர் வீதம் 15 ஆண்டுகளில், 2010 முதல் 2024 வரையிலான வரிக் கணக்குகளோடு, திருப்பிக் கட்ட வேண்டிய வட்டியில்லாக் கடன். 2009-இல் வாங்கியவர்கள் 36 மாதங்கள் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் போதும், திருப்பித் தர வேண்டியதில்லை. இடையில் வெளியாருக்கு விற்றால் திருப்பிக் கட்டும் தொகை, சட்டம் வகுத்த முறையில் கணக்கிட்ட விற்பனை லாபத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஆகவே இந்த நிபந்தனை, விலை ஏறிய ஊர்களில் உரிமையாளர்களை விற்காமல் பிடித்து வைத்திருக்கும்; விலை நன்றாக விழுந்த ஊர்களில் அதற்கு அந்தப் பிடி இல்லை.