டிராவல் டிரெய்லரில் பேட்டரி கேபிளும் வயரிங்கும் பழுதானால்: கண்டறிந்து சரிசெய்யும் முறை

வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடான டிராவல் டிரெய்லருக்குள் விளக்கு மங்கினாலோ, அறையை வெளியே நீட்டும் ஸ்லைடு-அவுட் பாதி வழியில் முனகிக்கொண்டு நின்றாலோ, டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கும் ஜாக் ஏறத் தயங்கினாலோ பெரும்பாலோர் முதலில் செய்வது புதிய பேட்டரி வாங்குவதுதான். புதிய பேட்டரி இரண்டு நாள் நன்றாக உழைப்பதுபோல் தோன்றிவிட்டு மறுபடியும் அதே தொல்லையைத் தரும்போதுதான் கேபிள் மீது சந்தேகம் வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் இவ்வகை டிரெய்லர்களில் பேட்டரி, வண்டியுடன் இணையும் முன்புற முக்கோணச் சட்டத்தின் மேல் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிறது. மழை, குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, சக்கரம் வீசும் சிறு கற்கள் எல்லாம் நேராக அதன் கேபிள்கள் மீதே விழுகின்றன. ஆகவே பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அதிலிருந்து புறப்படும் கேபிளைச் சோதிப்பதே முறையான வரிசை.

டிரெய்லரில் இரண்டு மின்சார அமைப்புகள் உண்டு. முகாம் தளத்து மின்கம்பத்தில் டிரெய்லரின் பிளக்கைச் செருகினால் வரும் 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம் ஏ.சி., மைக்ரோவேவ், சுவர்ப் பிளக்குகள் ஆகியவற்றை இயக்குகிறது. விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, ஸ்லைடு-அவுட் மோட்டார், எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி ஆகியவை 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் இயங்குபவை. கன்வெர்ட்டர் என்னும் பெட்டி 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி, இந்தப் பொருள்களுக்கும் கொடுத்து, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றுகிறது. இதிலிருந்தே முதல் தடயம் கிடைக்கிறது. கம்பத்து மின்சாரம் இருக்கும்போது விளக்கும் பம்பும் ஒழுங்காக வேலை செய்து, பிளக்கைப் பிடுங்கியதும் எல்லாம் சோர்ந்துவிட்டால், பழுது பேட்டரியிலோ, பேட்டரிக்கும் கன்வெர்ட்டருக்கும் இடைப்பட்ட வழியிலோ இருக்கிறது. ஒரே ஒரு விளக்கோ பம்போ மட்டும் இயங்கவில்லை என்றால் அந்தக் கிளை வயரையும் அதன் ஃபியூஸையும் பார்த்தால் போதும். பேட்டரிப் பக்கம் போக வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் நிறங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காரில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு எர்த் என்று பழகிய கை இங்கே தவறிவிடும். பெரும்பாலான டிரெய்லர்களில் பேட்டரிக்கு வரும் கறுப்பு வயர்தான் பாசிட்டிவ். வெள்ளை வயர் நெகட்டிவ். பேட்டரியை மாற்றும்போது கறுப்பை நெகட்டிவ் முனையில் மாட்டி விடுவது மிகப் பரவலான பிழை. அப்படிச் செய்தால் கன்வெர்ட்டரில் தலைகீழ் இணைப்பைத் தடுக்க வைத்திருக்கும் 30 அல்லது 40 ஆம்ப் ஃபியூஸ்கள் உடனே எரிந்துவிடும். அதன் பிறகு கம்பத்து மின்சாரத்தில் எல்லாம் இயங்கும், பேட்டரியில் ஒன்றும் இயங்காது, பேட்டரியும் ஏறாது. ஆகவே கேபிளைக் கழற்றுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். முன்பிருந்த உரிமையாளர் ஏதேனும் மாற்றிச் செய்திருக்கக்கூடும் என்பதால் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளவும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரி முனைகள் இரண்டையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் பாயும் மின்னோட்டம் இரும்பை உருக்கும் அளவுக்குப் போகும். ஏறிக்கொண்டிருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளவும். கம்பத்துப் பிளக்கைப் பிடுங்கவும். இழுக்கும் வண்டியிலிருந்து வரும் ஏழு முனை இணைப்பைக் கழற்றவும். கூரையில் சோலார் பலகை இருந்தால் அதன் ஃபியூஸை எடுத்துவிடவும். பேட்டரி துண்டிக்கப்பட்டால் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியும் அணைந்துவிடும் என்பதால் சிலிண்டர் வால்வுகளை மூடிவிடுவது நல்லது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

அடுத்தது கண்ணால் பார்த்தல். டெர்மினலைச் சுற்றி வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, பேட்டரியின் மூடிகளுக்குள் இறங்காதபடி தேய்த்துக் கழுவவும். கேபிளின் லக் (முனையில் அழுத்திப் பொருத்திய உலோக வளையம்) அருகே உறை தடித்துப் பொருமியிருந்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே செம்பு இழைகள் களிம்பேறிப் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தக் கேபிள் முடிந்தது. களிம்பு உறைக்குள்ளேயே வெகுதூரம் ஊர்ந்துவிடும் என்பதால் முனையை மட்டும் வெட்டிப் புதிய லக் போட்டு ஒப்பேற்றுவதில் பயனில்லை. வெட்டிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தால் மட்டுமே மீதியைப் பயன்படுத்தலாம். பிறகு, பேட்டரிக்கு அருகே சட்டத்தில் பொருத்தியிருக்கும் சிறிய சர்க்யூட் பிரேக்கரைத் தேடவும். இரண்டு திருகு முனைகள் கொண்ட, தீப்பெட்டியை விடச் சிறிய பொருள் அது. வழக்கமாக 30 முதல் 50 ஆம்ப் அளவுடையது. திறந்த வெளியில் துருப்பிடித்துக் கிடக்கும் இதை யாரும் கவனிப்பதில்லை. இதன் பிறகு, சட்டத்தில் துளையிட்டு வயர் உள்ளே நுழையும் இடங்கள், ஸ்லைடு-அவுட்டுக்கு அடியில் மடங்கி விரியும் வயர்க் கட்டு, எலி கடித்த தடயம், தரையில் இழுபட்டுத் தேய்ந்த ஏழு முனைக் கேபிளின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பார்க்கவும்.

கண்ணுக்கு ஒன்றும் தென்படாதபோதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. பலர் இந்த இடத்தில் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் பீப் ஒலியில் வைத்துக் கேபிளின் இரு முனைகளையும் தொட்டுவிட்டு, ஒலி வந்ததும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். நூறு இழைகளில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கடந்துபோய்விடும். ஸ்லைடு-அவுட் மோட்டாரோ 20 ஆம்புக்கு மேல் கேட்கும். 0.02 ஓம் என்பது சாதாரண மீட்டர் காட்டவே முடியாத மின்தடை. ஆனால் 25 ஆம்ப் பாயும்போது அந்த ஓர் இடத்திலேயே அரை வோல்ட் தொலைகிறது, 12 வாட்டுக்கு மேல் வெப்பமும் பிறக்கிறது. கேபிளைச் சுமையோடுதான் சோதிக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ளவும். ஏற்றுவதை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின், நிரம்பிய லெட்-ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏற்றிய பிறகே சோதனையைத் தொடர வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தா. நிரம்பிய நிலையில் அது 13.3 வோல்ட் அளவில் நின்று, கடைசிவரை பெரிதாக இறங்காது.

இப்போது கேபிள்களைத் திரும்ப மாட்டி, கம்பத்து மின்சாரம் இல்லாமல், ஒருவரை உள்ளே நிறுத்தி எல்லா விளக்குகளையும் ஹீட்டர் விசிறியையும் போட்டு, ஸ்லைடு-அவுட்டை இயக்கச் சொல்லவும். மீட்டரை நேர்திசை வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் (கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே) மற்றொரு முள்ளை, கன்வெர்ட்டர் பலகையில் (கன்வெர்ட்டர் பெட்டியில் ஃபியூஸ்கள் இருக்கும் பலகை) பேட்டரியின் பாசிட்டிவ் வந்து சேரும் திருகிலும் வைக்கவும். தொலைவு எட்டாவிட்டால் நீளமான வயர் ஒன்றை நீட்டிப்பாகப் பயன்படுத்தலாம். மீட்டருக்குப் போகும் வழியில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால் அது மெல்லியதாக இருந்தாலும் அளவு மாறாது. மீட்டர் காட்டுவது இந்த வழியில் தொலையும் வோல்ட். நல்ல கேபிளில் அது 0.3-க்குள் இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ பழுது இருக்கிறது.

எங்கே என்று அறிய வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளவும்: ஈய முனையிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து சர்க்யூட் பிரேக்கரின் முதல் திருகு, பிரேக்கரின் ஒரு திருகிலிருந்து மறு திருகு, அங்கிருந்து பலகை. எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அதுவே குற்றவாளி. பாசிட்டிவ் பக்கம் சரியாக இருந்தால் சோர்ந்துவிடாமல் நெகட்டிவ் பக்கத்திலும் இதையே செய்யவும். என் கருத்தில் பாதிக்குப் பாதி பழுது நெகட்டிவ் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது. வெள்ளை வயரை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் போல்ட்டின் அடியில் பெயின்டும் துருவும் இருந்தால் மின்சாரம் திரும்பும் வழியே அடைபட்டுவிடுகிறது. அந்தப் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை உரசி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே பெயின்டோ கிரீஸோ பூசினால் பெரும்பாலும் அதற்கு மேல் செலவே இருக்காது.

வயர் அறுந்திருப்பது ஒருவகை. உறை கிழிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பது வேறு வகை. ஃபியூஸ் போட்டவுடன் எரிகிறது என்றால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பெரிய அளவு ஃபியூஸைப் போட்டுப் பார்ப்பது வயரைத் தீக்கு இரையாக்கும் வேலை. அதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. அதற்குப் பதிலாக, காரின் பிரேக் விளக்குக்கான பழைய வகை 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைக் கட்டி, எரிந்த ஃபியூஸின் இடத்தில் மாட்டவும். ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். பல்பின் மின்தடை மின்னோட்டத்தை இரண்டு ஆம்ப் அளவில் கட்டுப்படுத்துவதால் வயர் சூடாகாது. இப்போது அந்தக் கிளையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும், வயர்க் கட்டுகளை அசைத்தும் வரவும். எந்த அசைவில் பல்பு மங்குகிறதோ அணைகிறதோ அங்கேதான் கிழிவு. டிரெய்லரின் அடிப்பகுதியை நெளி பிளாஸ்டிக் தகடு மூடியிருந்தால் அதை முழுக்கக் கழற்றுவதற்கு முன், வயர் உள்ளே நுழையும் துளையிலும் வெளியேறும் துளையிலும் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிரேக் வயருக்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் இங்கே பழுது என்பது வசதிக் குறைவு அல்ல, விபத்து. மின்பிரேக் காந்தம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 ஆம்ப் எடுக்கும்; இரண்டு அச்சுகள் உள்ள டிரெய்லரில் நான்குக்கும் சேர்த்து 12 ஆம்ப். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்குச் செல்லும் வயரைப் பல டிரெய்லர்களில் அச்சுக் குழாயின் உள்ளேயே இழுத்திருப்பார்கள். ஓட்டத்தில் அது குழாய்க்குள் ஆடி ஆடி உறை தேய்ந்துவிடும். மேடு பள்ளத்தில் மட்டும் வண்டியிலுள்ள பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி ஷார்ட் என்று காட்டி மறைகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கவும். உள்ளே இருப்பதை மீட்க முயல வேண்டாம். புதிய வயரை அச்சின் வெளிப்புறமாக, பின்பக்கத்தில் பாதுகாப்புக் குழலுக்குள் வைத்துக் கட்டிவிடலாம்.

டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் பிரேக்-அவே சுவிட்ச் பேட்டரியுடன் நேரடியாக இணைந்திருக்க வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பின்னாளில் சேர்த்தவர்கள் இந்த வயரையும் அதற்குப் பின்னால் தள்ளிவிட்டிருப்பதைப் பார்க்கலாம். சுவிட்ச் அணைந்திருந்தால் அவசரத்தில் பிரேக் வேலை செய்யாது. ஏழு முனை இணைப்பை வண்டியிலிருந்து கழற்றியபின் சுவிட்சின் ஊசியை இழுத்துச் சோதிக்கவும்; காந்தங்கள் ரீங்கரித்துச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். உடனே ஊசியைத் திரும்பச் செருகிவிடவும்.

இழுத்துச் செல்லும்போது பேட்டரி ஏறவில்லை என்ற புகாரில் பாதி பழுதே அல்ல. வண்டியின் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு 10 கேஜ் வயர் (கேஜ் எண் குறையக் குறைய வயர் பருக்கும்) 40 அடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஆம்ப் பாயும்போது பாசிட்டிவ் வயரில் மட்டும் 0.8 வோல்ட் குறைந்துவிடும். மெதுவாக ஏறுவது அதன் இயல்பு. என்ஜின் ஓடும்போது வண்டியின் ஏழு முனைச் சாக்கெட்டில் 12 வோல்ட் அறவே வரவில்லை என்றால் மட்டும் வண்டியின் ஃபியூஸ் பெட்டியைத் திறக்கவும்.

புதிய கேபிள் போடும்போது பழையதன் பருமனுக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு படி கூடுதலாக எடுக்கவும். பிரதான வழிக்கு 6 கேஜ் பல டிரெய்லர்களுக்குப் போதும். படகுகளுக்காக விற்கப்படும் ஈயம் பூசிய செம்பு வயர் சற்று விலை கூடினாலும் உப்புச் சாலைகளில் அந்தப் பணம் வீண் போகாது. லக்கை அதற்குரிய கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். சுத்தியலால் நசுக்கியது முதல் குளிர்காலத்திலேயே தளரும். சால்டரை மட்டும் நம்பிய இணைப்பும் அதிர்வில் உடையும். மேலே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்கி, ஈரம் புகாதபடி மூடவும். வயரைக் கிள்ளி இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும், வீட்டு வயரிங்கில் திருகிப் போடும் தொப்பிகளும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கு ஏற்றவை அல்ல. இரும்பைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் வேண்டும். ஃபியூஸ் வயரைக் காக்கவே இருக்கிறது; ஆகவே 14 கேஜுக்கு 15 ஆம்ப், 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30 என்ற அளவைத் தாண்ட வேண்டாம். பிரதான பிரேக்கர் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும்.

கன்வெர்ட்டர் பலகையைத் திறக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கவும்: அதே பெட்டிக்குள் 120 வோல்ட்டின் கறுப்பு, வெள்ளை வயர்களும் இருக்கின்றன, அங்கே கறுப்பு உயிரைப் பறிக்கும். கம்பத்துப் பிளக் பிடுங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைக் கழற்றவும். 120 வோல்ட் பக்கத்தில் கருகிய தடம் தெரிந்தால் வேலையை நிறுத்தி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமோ டிரெய்லர் பழுதுபார்ப்பவரிடமோ ஒப்படைக்கவும்.

எல்லாம் மாட்டி முடித்தபின் அதே சுமையில் அதே இடங்களில் மீண்டும் அளந்து, கிடைத்த எண்களைத் தேதியுடன் கன்வெர்ட்டர் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைக்கவும். கம்பத்து மின்சாரத்தைச் செருகினால் பேட்டரி முனையில் 13.6 வோல்ட் அளவிலும், வேகமாக ஏற்றும் கட்டத்தில் 14.4 வரையிலும் தெரிய வேண்டும். முதல் பயணத்தில் வண்டியை நிறுத்தும் இடத்தில் புதிய லக்குகளைக் கையால் தொட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால் அந்த இணைப்பை மட்டும் மறுபடி கிரிம்ப் செய்யவும்.