பங்குனி உளுந்தைத் தை விதைப்பு வரை வண்டு விழாமல் காப்பது எப்படி?

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். அந்த ஈரத்திலேயே முளைத்து, பனியைக் குடித்து வளர்ந்து, பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். செலவு குறைவு, மண்ணுக்கும் நல்லது. ஆனால் அடுத்த தைக்குச் சொந்த விதை வேண்டுமென்றால், அந்த உளுந்து சித்திரை வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை எல்லாவற்றையும் வீட்டுக்குள் இருந்தே தாண்ட வேண்டும். பல வீடுகளில் மார்கழியில் சாக்கை அவிழ்த்தால் ஓட்டை விழுந்த உளுந்தும் மாவும்தான் கிடைக்கின்றன. பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் விதை தேடி அலைகிறார்கள். விலை ஏறுகிறது, என்ன ரகம் என்ற உறுதியும் இல்லை. எங்கள் வீட்டில் நின்று நிலைத்துவிட்ட முறையை இங்கே எழுதுகிறேன். பச்சைப்பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் இதே முறைதான்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைச் செய்து பயனில்லை. பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை. வயலில் நெற்றுகள் முற்றிக் காயும்போதே பறந்து வந்து முட்டை வைத்துவிடுகிறது. நாம் மூட்டை கட்டும்போது முட்டையையும் சேர்த்தே கட்டுகிறோம். "நன்றாகக் காயவைத்தேன், புதுச் சாக்கில்தான் வைத்தேன், அப்படியும் வண்டு வந்துவிட்டது" என்று வருந்துகிறவர்களுக்கு நேர்வது இதுதான். எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் விதை போனது இந்த வழியில்தான்.

ஒரு பெண் வண்டு சுமார் நூறு முட்டை வைக்கும். நான்கைந்து நாளில் முட்டை பொரிந்து, புழு முட்டைக்கு அடியிலேயே தோலைத் துளைத்து நேராகப் பருப்புக்குள் இறங்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது. கோடையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். வளர்ந்த வண்டு எதையும் தின்பதில்லை. இணை சேர்ந்து, முட்டை வைத்து, ஓரிரு வாரத்தில் செத்துவிடும். தின்பதெல்லாம் உள்ளே இருக்கும் புழுதான். பங்குனியில் மூட்டைக்குள் போன சில வண்டுகள் ஆடிக்குள் மூன்று நான்கு தலைமுறை கண்டுவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உளுந்தை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புத் தோலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். புது முட்டை கண்ணாடி போல மங்கலாக இருக்கும். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

படி 1: அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள்

நெற்றுகளில் முக்கால் பங்குக்கு மேல் கறுத்தவுடன் பறித்துவிடுங்கள். "ஆள் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று காய்ந்த நெற்றோடு செடியை நிறுத்தினால், முட்டைக்குத்தான் நாள் கொடுக்கிறீர்கள். விதைக்கு வேண்டியதைத் தனியாக, நோயில்லாத செடிகளிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுங்கள். மஞ்சள் தேமல் கண்ட செடியை விதைக்குச் சேர்க்க வேண்டாம். டிராக்டர் ஏற்றி அடித்தால் உடைசல் அதிகம். விதைப் பங்கைத் தடியால் அடித்துத் தூற்றி, முறத்தில் புடைத்து, உடைந்ததையும் சுருங்கியதையும் நீக்கிவிடுங்கள்.

படி 2: காயவைத்தல்

களத்துச் சிமெண்டுத் தரையில் நேரடியாகக் கொட்டாமல் தார்ப்பாயிலோ பழைய பாயிலோ மெல்லியதாகப் பரப்புங்கள். காலை 8 முதல் 12 மணி வரையும், மாலை 3 முதல் 5 வரையும் போதும். உச்சி வெயில் முளைப்புத் திறனைக் கெடுக்கும். உண்ணும் உளுந்துக்கு இந்தக் கவலை இல்லை. மணிக்கு ஒரு முறை கையால் கிளறிவிடுங்கள்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம்? சாக்கில் வைப்பதானால் 9, 10 சதவீதம். காற்றுப் புகாமல் மூடி வைப்பதானால் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரமுள்ள விதையைக் காற்றுப் புகாமல் மூடினால் வண்டு சாகும், கூடவே விதையும் செத்துவிடும்.

உப்புச் சோதனை பலருக்கும் தெரியும். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் உளுந்தோடு காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்க, உப்பு கண்ணாடியில் ஒட்டாவிட்டால் காய்ந்துவிட்டது என்பார்கள். ஆனால் உப்பு ஒட்டவில்லை என்றால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு அது போதவே போதாது. பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் ஈரம். நறுக்கென்று இரண்டாகத் தெறித்தால் காய்ச்சல் சரி. உறுதி வேண்டுமென்றால் ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய் ஈரமானியில் பார்த்துவிடுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

படி 3: சூடு ஆறட்டும்

பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது. மாலையில் வெயிலிலிருந்து வாரிய உளுந்தைக் கையை விட்டுப் பாருங்கள், உள்ளே சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு கேனில் கொட்டி மூடினால், இரவு குளிரும்போது உள்சுவரில் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். மேல் அடுக்கு உளுந்து அந்த நீரை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். நாள் முழுவதும் காயவைத்தது ஒரே இரவில் வீண்.

ஆறட்டும் என்று இரவு முழுவதும் வாசலில் விட்டாலும் தவறு. பனியை இழுத்துக்கொள்ளும். எனவே வெயிலிலிருந்து வாரியதும் வீட்டுக்குள் கொண்டுவந்து, ஓரிரு மணி நேரம் மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்ததும் அன்று இரவே அடைத்துவிடுங்கள்.

படி 4: எதில் வைப்பது?

சணல் சாக்கை விதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டு வெளியிலிருந்தும் புகும், மழைக்கால ஈரமும் புகும், எலி வேறு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரை இழந்த வீடுகளில் சாக்கில் இருந்த தானியத்தின் கதி என்ன ஆனது என்பதை டெல்டாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மண்பானை அழகானது, ஆனால் அதன் சுவர் மூச்சு விடும். பானையில்தான் வைப்பேன் என்றால், உளுந்தின் மேல் மூன்று விரல் உயரத்துக்குச் சலித்த காய்ந்த மணலைப் பரப்புங்கள். வெளி வண்டு மணலைத் தாண்டி உள்ளே இறங்க முடியாது.

என் தேர்வு, ரப்பர் வளையத்தோடு திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் கேன். அதுவும் ஒரே பெரிய டிரம் வேண்டாம், சிறிய கேன்களாகப் பல. ஒன்றைத் திறந்தாலும் மற்றவை மூடியே இருக்கும். பூச்சி மருந்து இருந்த கேனை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். நிறைய விதை வைப்பவர்கள் மூன்றடுக்குப் பை வாங்கலாம். உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் பைகள், வெளியே ஒரு நெய்த பை. 1980களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக உருவான முறை இது. அங்கும் எதிரி இதே இனத்து வண்டுதான்.

படி 5: நிரப்பி மூடுவது, பிறகு திறக்காமல் இருப்பது

கேனைத் தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்புங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருக்க வேண்டும். உளுந்து போதவில்லை என்றால் சிறிய கேனுக்கு மாற்றுங்கள். மூடித் திருகி, மூடியின் விளிம்பைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுங்கள்.

உள்ளே முட்டையும் புழுவும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். அவை மூச்சு விட்டே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். தீர்ந்ததும் வளர்ச்சி நின்று செத்துவிடும். நாம் செய்ய வேண்டிய ஒரே வேலை, புதுக் காற்றை உள்ளே விடாமல் இருப்பதுதான். ஆனால் "உள்ளே எப்படி இருக்கிறதோ" என்று மாதம் ஒரு முறை திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வண்டுக்கு உயிர் கொடுக்கிறீர்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கேனில் "விதை, மார்கழி வரை திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். பார்த்தே தீர வேண்டும் என்றால், ஒரு சிறிய பாட்டிலில் அதே உளுந்தைத் தனியாக அடைத்து, அதை மட்டும் திறந்து பாருங்கள்.

மூடுவதற்கு முன் உள்ளே மெழுகுவத்தி ஏற்றி ஆக்சிஜனை எரித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். சுமார் 16 சதவீதத்துக்கு வந்ததுமே சுடர் அணைந்துவிடும். அந்த அளவில் வண்டு சௌகரியமாக வாழும். மெழுகுவத்தி தேவையில்லை.

கேனைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள பரண் வேண்டாம், அங்கே சூடு அதிகம்.

நொச்சி, வேப்பிலை, எண்ணெய்

நொச்சியும் வேப்பிலையும் வெளி வண்டை ஓரளவு விரட்டும். பருப்புக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. போட விரும்பினால் நிழலில் சருகாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும்.

எண்ணெய்க்கு என் ஓட்டு உண்டு. கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுப் பிசறினால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். அளவு கூடினால் முளைப்பு குறையும், அளந்தே ஊற்றுங்கள். சமையலுக்கு வைக்கும் முழுத் துவரைக்கு நம் வீடுகளில் விளக்கெண்ணெய் தடவுவதும் இதே காரணத்தால்தான். உண்ணும் பங்கை உடைத்துப் பருப்பாக வைத்துவிட்டால் தொல்லை பெருமளவு தீர்ந்தது. இந்த வண்டுக்கு முழுப் பயறுதான் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தானியப் பூச்சியைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அது விடும் வாயு, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையையும் கொல்லும். அது பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் கையாள வேண்டிய பொருள். நான்கு கிலோ உளுந்துக்காக ஒரு வீடு பலியாகக் கூடாது.

படி 6: மார்கழியில் முளைப்புச் சோதனை

நூறு விதையை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த கோணித் துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்துவந்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். வேரும் தண்டும் சரியாக வந்தவை மட்டும் கணக்கு. ஊறாமல் கல்லாகக் கிடப்பது செத்த விதை அல்ல, பச்சைப்பயறில் அப்படிச் சில இருக்கும். 75 தேறினால் நல்ல விதை. நெல் தரிசில், அதாவது நெல் அறுவடையை ஒட்டித் தெளிக்கும் வயலில், ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ தெளிக்கலாம். 65 என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் அந்த விதையை விட்டுவிட்டு, தேட நேரம் இருக்கும்போதே வேறு விதை பாருங்கள். வேளாண் விரிவாக்க மையத்திலோ, புதுக்கோட்டைப் பக்கம் உள்ளவர்கள் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலோ விசாரிக்கலாம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"இரண்டு கிலோதான் விதை, அதற்குக் கேனா?" குளிர்பான பாட்டில் போதும். நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, கழுத்து வரை நிரப்பித் திருகுங்கள். எலி கடிக்காமல் ஒரு தகர டின்னுக்குள் வையுங்கள்.

"காயவைக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது." குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், குவியல் உள்ளே சூடேறிப் புழுங்கும். வீட்டுக்குள் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, வெயில் வந்ததும் மீண்டும் வெளியே கொண்டுபோங்கள்.

"எல்லாம் செய்தும் ஒரு கேனில் மட்டும் வண்டு." இதைப் பலர் கேட்டார்கள். விசாரித்தால் மூடிதான் காரணம். வாங்கிய அன்றே காலிக் கேனை மூடித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தக் கேன் விதைக்கு ஆகாது, வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குமிழி வராத கேனையும் உள்ளே ஈரம் இல்லாமல் ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே நிரப்புங்கள்.