லே, லேட், லேன்: 'லை' என்னும் வினையின் இறந்தகாலத்தைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பலருடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒழுங்கற்ற வினைகளின் அட்டவணை ஒன்று இருக்கும். கோ, வென்ற், கோன் என்று மூன்று நிரல்களாக மனனம் செய்யும் அந்த அட்டவணை பெரும்பாலான வினைகளுக்குப் போதுமானது. 'கிட' என்னும் பொருளுள்ள 'லை' (எல், ஐ, ஈ) என்னும் ஆங்கில வினைக்கு மட்டும் அது போதாது. ஏனெனில் அவ்வினையின் இறந்தகால வடிவமாகிய 'லே' என்பதே வேறொரு வினையின் நிகழ்கால வடிவமாகவும் இருக்கிறது. மனனத்தால் தீராத இந்தக் குழப்பத்தைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு தீர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்குமுன் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொற்களை இங்கே எங்களூர் வழக்கப்படி தமிழெழுத்தில் தருகிறேன்: 'ரி' ஒலியில் முடியும் சொல்லுக்கு ற், 'டி' ஒலியில் முடியும் சொல்லுக்கு ட். ஆகவே கீழே 'லேட்' என்று வருவது எல், ஏ, ஐ, டி என்னும் நான்கு எழுத்துச் சொல்லாகும். தாமதத்தைக் குறிக்கும் 'லேற்' அன்று.

முதலாம் படி: தமிழில் உள்ள இணையை நினைவுக்குக் கொண்டுவருக

'குழந்தை பாயில் கிடந்தது', 'தாய் குழந்தையைப் பாயில் கிடத்தினாள்' என்னும் இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். 'கிட' என்பது தன்வினை; 'கிடத்து' என்பது அதன் பிறவினை. (எங்கள் வீடுகளில் 'பிள்ளையை வளத்திவிடு' என்று சொல்வதும் இந்தக் கிடத்துதலையே.) ஆங்கிலத்தில் 'லை' என்பது கிட, 'லே' என்பது கிடத்து. இது வெறும் ஒப்புமையன்று. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே இவை தன்வினையும் பிறவினையுமாக உறவுடைய இரு சொற்களாக இருந்தன. சிற் என்பதும் செற் என்பதும் அவ்வாறே இரு, இருத்து போன்ற இணை. விழு, வீழ்த்து போல ஆங்கிலத்தில் ஃபோல், ஃபெல் என்பன உள்ளன.

இரண்டாம் படி: 'எதை?' என்று கேட்க

எழுதப்போகும் வாக்கியத்தின் வினையை நோக்கி 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். விடை வந்தால் செயப்படுபொருள் உண்டு. அங்கே 'லே' குடும்பத்துச் சொல்லே வரவேண்டும். விடை வராவிட்டால் 'லை' குடும்பம். தமிழில் எப்போதும் 'கிடத்து' என்னும் சொல்லே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோழி முட்டையை இட்டது, மேசன் கல்லை அடுக்கினார், அக்கா பாயை விரித்தார், அத்திவாரத்தைப் போட்டார்கள் ஆகிய நான்கிலும் தமிழ்வினை வேறு வேறாக இருந்தாலும் ஆங்கிலத்தில் ஒரே 'லே' தான் வரும், நான்கிலும் 'எதை?' என்பதற்கு விடை இருக்கிறதல்லவா? மறுபக்கத்தில், நெடுந்தீவு யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே அமைந்திருக்கிறது என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'லைஸ்' என்றே எழுதுவார்கள். தீவு எதையும் கிடத்தவில்லை, அது கிடக்கிறது.

மூன்றாம் படி: வடிவங்களை இரண்டு வரிசையாக எழுதுக

கிடத்தல் என்னும் பொருளுள்ள வரிசை: லை (எல், ஐ, ஈ), லே (எல், ஏ, வை), லேன் (எல், ஏ, ஐ, என்).

கிடத்துதல் என்னும் பொருளுள்ள வரிசை: லே (எல், ஏ, வை), லேட் (எல், ஏ, ஐ, டி), லேட்.

முதல் வரிசையின் நடுவிலும் இரண்டாம் வரிசையின் தொடக்கத்திலும் ஒரே சொல் நிற்பதைக் கண்டீர்கள். இடர்ப்பாடு முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. இதை ஆங்கிலத்தின் தனிக்குறை என்று நினைக்க வேண்டாம். 'பாயில் படுத்து உறங்கினான்' என்பதில் உள்ள 'படுத்து' தன்வினையின் எச்சம். 'நோயாளியைக் கட்டிலில் படுத்து' என்று ஒருவரை ஏவும்போது அதே வடிவம் பிறவினையின் ஏவலாகிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தும் நாம் ஒருபோதும் மயங்குவதில்லை. வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமை இருக்கிறதா என்று நம் காது தானே அறிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த 'ஐ' உருபு இல்லாதபடியால், காது செய்யும் வேலையை 'எதை?' என்னும் கேள்வி செய்ய வேண்டியிருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் ஒரு கவனம் தேவை. 'லே' என்பதோடு ஈ, டி என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து இறந்தகாலம் ஆக்குவது பிழை. பே, பேட் என்பது போலவே லே, லேட் என்று வை நீங்கி ஐயும் டியும் வரும். அதுபோல, லை என்பதோடு 'இங்' சேரும்போது ஐ, ஈ இரண்டும் போய் எல், வை, ஐ, என், ஜீ என்று ஆகும்.

நான்காம் படி: இறந்தகால வாக்கியத்தை அமைக்க

மாணவர்களின் கொப்பிகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை விடுப்புக் கடிதத்தில் வருவது. காய்ச்சலால் நேற்று முழுவதும் படுக்கையில் கிடந்தேன் என்று சொல்ல விரும்பி 'ஐ லேட் இன் பெட்' என்று எழுதிவிடுகிறார்கள். எதைக் கிடத்தினீர்கள் என்று கேட்டால் விடை இல்லை. ஆகவே 'ஐ லே இன் பெட்' என்பதே சரி. நேற்றைய செய்தியைச் சொல்லும்போது டி ஒலியில் முடியாத சொல் இறந்தகாலமாகத் தோன்றாததால் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பயிற்சியால் மட்டுமே போக்கலாம். 'த டோக் லே அண்டர் த ட்ரீ', 'த ஹென் லேட் அன் எக்' என்னும் இரண்டையும் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

எதிர்மறையிலும் வினாவிலும் 'டிட்' வந்தால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். வினை தன் முதல் வடிவத்துக்குத் திரும்பும். நாய் கிடக்கவில்லை என்பதற்கு 'டிட் நொட் லை', கோழி முட்டை இடவில்லை என்பதற்கு 'டிட் நொட் லே' என்று எழுத வேண்டும்.

ஹஸ், ஹாவ், ஹாட் என்பவற்றுக்குப் பின் மூன்றாம் வடிவம் வரும். குருநகர்க் கரையில் ஒரு வள்ளம் இரண்டு ஆண்டுகளாகக் கிடக்கிறது என்றால் 'த போற் ஹஸ் லேன்' என்று தொடங்க வேண்டும். 'லேன்' பேச்சில் அரிது. எழுத்தில் இன்றும் உண்டு. 'கல் வைக்கப்பட்டது' போன்ற செயப்பாட்டு வினைக்கு எப்போதும் 'வோஸ் லேட்' தான், ஏனெனில் கல்லை யாரோ வைத்திருக்கிறார்கள்.

பொய் சொல்லுதல் என்னும் பொருளிலும் 'லை' என ஒரு சொல் உண்டு. அது ஒழுங்கான வினை: லை, லைட், லைட். எல், ஐ, ஈ, டி என்று எழுதும் இந்த வடிவத்தைப் படுக்கையோடு சேர்த்து எழுதினால், படுக்கையில் இருந்தபடி பொய் சொன்னேன் என்று பொருளாகிவிடும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் பேச்சில் 'லை' வரவேண்டிய இடத்தில் 'லே' என்கிறார்கள். திரைப்படத்திலோ கிரிக்கெற் வர்ணனையிலோ அப்படிக் கேட்டால் உங்கள் நினைவைச் சந்தேகிக்க வேண்டாம். பரீட்சையிலும் விண்ணப்பக் கடிதத்திலும் எழுத்துவழக்கையே பின்பற்றுங்கள்.

ஐந்தாம் படி: எங்களூர்ப் புகையிரதப் பாதையைக் கொண்டு பயிற்சி செய்க

கீழே உள்ள செய்தியில் எங்கே எந்த வடிவம் வரும் என்று முதலில் நீங்களே கொப்பியில் எழுதுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை தண்டவாளங்களை இட்டார்கள். 1905இல் அந்தப் பாதை முழுமை பெற்றது. போர் காரணமாக 1990இல் சேவை நின்றபின் வடக்கில் பாதை பாழாகக் கிடந்தது. பின்னர் தண்டவாளங்களை மறுபடி இட்டார்கள். 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, அந்த நிலையம் 24 ஆண்டுகள் புகையிரதமின்றிக் கிடந்திருந்தது.

எதை இட்டார்கள்? தண்டவாளங்களை. ஆகவே முதலாவது இடத்தில் 'லேட்'. பாதை எதைக் கிடத்தியது? விடை இல்லை, அங்கே 'லே'. மூன்றாவது இடத்தில் மறுபடியும் தண்டவாளங்களை இட்டதால் 'லேட்'. கடைசியில், 2014 என்னும் கடந்தகாலப் புள்ளிக்கு முன்பே தொடங்கி அதுவரை நீடித்த நிலையைச் சொல்வதால் 'ஹாட் லேன்'.