டெங்கு என்.எஸ்.1 கிட் வாங்க முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

என்.எஸ்.1 கிட் என்பது இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனை. விற்பனை முகவர் நீட்டும் தாளில் உணர்திறன் (நோய் உள்ளவர்களில் பொசிட்டிவ் காட்டும் பங்கு) 90%, குறிதிறன் (நோய் இல்லாதவர்களில் நெகட்டிவ் காட்டும் பங்கு) 95% என்று இருக்கும். அதை மட்டும் பார்த்து ஓடர் எழுதாதீர்கள். முதலில் கேள்வியை எழுதுங்கள்: காய்ச்சல் தொடங்கி மூன்று நாளுக்குள் வருபவருக்கு எஃப்.பி.சி.யோடு (முழு இரத்த அணு எண்ணிக்கை) இந்தச் சோதனையையும் செய்தால், ஆஸ்பத்திரி விடுதியில் சேர்ப்பதா இல்லையா என்ற முடிவு மாறுமா? மாறாதென்றால் கிட் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் காசு வீண்.

மாறுமென்றால் பருவத்தைப் பாருங்கள். திருகோணமலையில் மாரி மழை தொடங்கியதும் டெங்கு கூடும். அப்போது காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 300 பேருக்கு டெங்கு என்று வைப்போம். கிட் 270 பேரைப் பிடிக்கும். டெங்கு இல்லாத 700 பேரில் 35 பேருக்குப் பொய்யாகப் பொசிட்டிவ் காட்டும். அதாவது பொசிட்டிவில் 89% உண்மை. கச்சான் காற்று வீசும் ஜூலையில் 1000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்றால்? உண்மை 18, பொய் 49. கிட் அதேதான், ஆனால் பொசிட்டிவில் 27% மட்டுமே உண்மை. எனவே உங்கள் வெளிநோயாளர் பிரிவின் மாதவாரிப் பதிவை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள்.

மாரியிலும் 30 பேர் தவறிப்போவதைக் கவனியுங்கள். நெகட்டிவ் வந்தவரை "டெங்கு இல்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்தக் கிட்டால் வரும் பெரிய ஆபத்து. பிளேட்லெட்டையும் பி.சி.வி.யையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தொடர்ந்து பார்த்தே ஆகவேண்டும்.

அந்த 90% எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். உறுதியான டெங்கு நோயாளரையும் சுகதேகிகளையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் எண் ஊதிப்போயிருக்கும். எலிக்காய்ச்சல், வேறு வைரஸ் காய்ச்சல் உள்ளவர்களும் கலந்திருக்க வேண்டும். ஒப்பிட்ட சோதனை, வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். போன்றதாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களிலும், ஐந்தாம் நாளுக்குப் பின்னும் உணர்திறன் குறையும். எங்கள் பக்கம் பலர் பனடோல் போட்டுச் சமாளித்துவிட்டுப் பிந்தித்தானே வருகிறார்கள்!

பெட்டியில் 2–30 பாகை என்று இருந்தால் களஞ்சிய அறையில் வெப்பமானி மாட்டுங்கள். இங்கே வெயில் காலத்தில் 30ஐத் தாண்டுவது சாதாரணம். குளிர்ப்பெட்டியில் வைத்த கிட் உறையை எடுத்த உடனே கிழித்தால் ஈரம் படிந்து உள்ளே இருக்கும் சோதனைப் பட்டி கெடும். அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும். சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு விழாவிட்டால் அது நெகட்டிவ் அல்ல, செல்லாத சோதனை.

விலையைக் கணக்கிடும்போது காலாவதியாகிக் குப்பைக்குப் போகும் கிட்டையும், பொய்ப் பொசிட்டிவால் நிரம்பும் கட்டிலையும் சேருங்கள். முதல் ஓடரைச் சிறிதாக, மாரிக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் காய்ச்சல் நாள், முடிவு, அதற்குப் பின் வைத்தியர் செய்தது என மூன்றையும் பதியுங்கள். பொசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் ஒரே சிகிச்சையே நடந்திருந்தால் அடுத்த ஓடர் வேண்டாம்.