தினமும் வேதம் வாசிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு

டிசம்பர் 31 ராத்திரி சபையில நடக்குற வாட்ச் நைட் சர்வீஸ் முடிஞ்சு வந்த கையோட ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமம் 1 திறக்குறவங்க நம்ம சபைகள்ல நிறைய பேர் இருக்காங்க, பிப்ரவரி நடுவுலயும் வாசிச்சிட்டு இருக்கவங்க ரொம்ப கம்மி. காரணம் பக்தி குறைச்சல்னு நான் நினைக்கல. கணக்கை கொஞ்சம் பாருங்க, பைபிளோட 66 புத்தகத்துலயும் சேர்த்து 1189 அதிகாரம், வருஷத்துல முடிக்கணும்னா நாளைக்கு மூணுக்கு மேல வருது. மூணு மூணா போனா ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ரெண்டும் ஜனவரி 30ல முடியும், 31ஆம் தேதி லேவியராகமம். யாத்திராகமத்தோட பின்பாதியிலயே ஆசரிப்பு கூடாரத்தோட (வனாந்தரத்துல ஆராதனைக்கு போட்ட கூடாரம்) அளவு, திரை, கொக்கி, பாதம்னு போய் ஏற்கனவே களைச்சு போயிருப்பாங்க, அதுக்கப்புறம் பலி முறைகள் வரிசையா வரும்போது பெரும்பாலானவங்க அங்கேயே நின்னுடுறாங்க.

அதனால நான் சொல்றது, முதல் தடவையா ஒழுங்கா வாசிக்க ஆரம்பிக்கிறவங்க முழு வேதத்தையும் ஒரு வருஷத்துல முடிக்கணும்ங்கிற இலக்கை வைக்காதீங்க. மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க. 16 அதிகாரம்தான், கதை வேகமா ஓடும், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தா ஒரே மூச்சுல கூட முடிச்சிடலாம். அதுக்கப்புறம் அப்போஸ்தலர் நடபடிகள், அப்புறம் பிலிப்பியர், அப்புறம் பழைய ஏற்பாட்டுல ஆதியாகமம், ரூத், யோனான்னு போங்க. புதிய ஏற்பாடு மொத்தம் 260 அதிகாரம், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாளைக்கு ஒண்ணுன்னு வச்சா 52 வாரத்துல சரியா முடியுது, சனி ஞாயிறு விட்டுப்போனதை பிடிக்கிறதுக்கு. வேலைக்கு போறவங்களுக்கு இதைவிட நல்ல திட்டம் எனக்கு தெரியல.

இதோட கூட சங்கீதமும் நீதிமொழிகளும் வேணும்னா தேதியை வச்சே வாசிக்கலாம். நீதிமொழிகள் 31 அதிகாரம், இன்னிக்கு 12ஆம் தேதின்னா 12ஆம் அதிகாரம், அவ்வளவுதான். சங்கீதத்துக்கு தேதியோட முப்பது முப்பதா கூட்டிட்டே போங்க, 12ஆம் தேதி 12, 42, 72, 102, 132, இப்படி மாசத்துல 150ம் முடியும். அஞ்சும் முடியலன்னா அதுல ஒண்ணு போதும். 29ஆம் தேதி மட்டும் 119 வரும், 176 வசனம், எட்டு எட்டு வசனமா 22 பகுதியா பிரிஞ்சிருக்கு, அதை தனியா எடுத்து நாளைக்கு ஒரு பகுதின்னு வாசிங்க, அவசரமா ஓட்டுறதுக்கான சங்கீதம் இல்ல அது.

நேரம் பத்தி எல்லாரும் கேப்பாங்க. அதிகாலைதான் நல்லதுன்னு நம்ம பெரியவங்க சொல்லி வளர்த்திருக்காங்க, முடிஞ்சவங்களுக்கு அது ரொம்ப நல்லது, ஆனா நைட் ட்யூட்டி முடிஞ்சு காலையில எட்டு மணிக்கு வீடு வர்ற ஒரு நர்ஸ் அக்காகிட்ட போய் நாலு மணிக்கு எழுந்து தியானம் பண்ணுங்கன்னு சொல்ல முடியுமா. தினமும் தவறாம நடக்குற ஒரு வேலை எதுவோ அதோட சேர்த்துடுங்க, காலை காபி, பிள்ளைங்க ஸ்கூல் வேன் ஏறினதுக்கு அப்புறம் கிடைக்கிற பத்து நிமிஷம், பஸ்ல ஆபீஸ் போற நேரம். அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பியா மந்திரி ரதத்துல ஊருக்கு திரும்புற வழியில ஏசாயாவை வாசிச்சிட்டு போறார், பிரயாணத்துல வாசிக்கிறது மட்டமான வாசிப்புன்னு யாரும் நினைக்க வேண்டாம். போன்ல வாசிக்கிறவங்க மட்டும் ஒண்ணு செய்யுங்க, டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு ஆப்பை திறங்க, வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் ஒண்ணு வந்தா போதும் மனசு போயிடும். வீட்டுல இருக்கும்போது புத்தகமே நல்லது, பென்சில்ல கோடு போடலாம், ஓரத்துல தேதி எழுதலாம், அடுத்த வருஷம் அந்த தேதியை பாக்கும்போது அன்னிக்கு என்ன கஷ்டத்துல இருந்தோம்னு ஞாபகம் வரும்.

அந்த மந்திரி சத்தமா வாசிச்சதாலதான் ரதத்துகிட்ட வந்த ஊழியக்காரர் பிலிப்பு காதுல விழுந்தது. நீங்களும் சத்தமா வாசிங்க, முணுமுணுப்பா இருந்தாலும் பரவால்ல. கண்ணால மட்டும் ஓட்டும்போது தெரிஞ்ச வசனத்தை எல்லாம் தாண்டி போயிடுவோம், வாயால சொல்லும்போது தாண்ட முடியாது. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நம்ம பிள்ளைங்களுக்கு தமிழ் பேச வரும், ஆனா பழைய மொழிபெயர்ப்பை எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுக்குள்ள வெறுத்துடுவாங்க, அவங்களுக்கு ஆடியோ பைபிளை போட்டுவிட்டு கூடவே விரல் வச்சு பாக்க சொல்லுங்க, கொஞ்ச மாசத்துல வேகம் வந்துடும். பழைய மொழிபெயர்ப்போட ஓசை எனக்கு உயிர், மனப்பாடம் பண்ண அதுதான் நல்லாருக்கும், ஆனா ரோமர் மாதிரி நிருபங்கள்ல, அதாவது கடிதங்கள்ல, ஒரே வாக்கியம் அஞ்சு வசனத்துக்கு நீளும்போது எளிய நடையில வந்த ஒரு மொழிபெயர்ப்பையோ, 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையோ பக்கத்துல வச்சு பாக்குறதுல தப்பே இல்ல.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்மள்ல நிறைய பேருக்கு வேதம்னா தினம் ஒரு வசனம், காலண்டர்ல, ஸ்டேட்டஸ்ல, வருஷ ஆரம்பத்துல எடுக்குற வாக்குத்தத்த அட்டையில. அது வேண்டாம்னு சொல்லல, ஆனா அந்த வசனம் எந்த அதிகாரத்துல இருந்து வந்துச்சோ அதை முழுசா ஒருவாட்டி வாசிங்க. எரேமியா 29:11 எத்தனை வீட்டு சுவர்ல தொங்குது, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அந்த அதிகாரம் ஒரு கடிதம், எருசலேம்ல இருந்து எரேமியா பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டுபோன ஜனங்களுக்கு அனுப்பினது. முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவீங்கன்னு கர்த்தர் பேர்லயே சொல்றான். எரேமியா சொல்றது வேற, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணுங்க, அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, 70 வருஷம் ஆகும். கடிதத்தை கேட்ட பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க ஊர் திரும்பி பாத்திருக்கவே மாட்டாங்க, அவங்களுக்கு சொன்ன வார்த்தை அது. பரீட்சை ரிசல்ட்டுக்கும் விசாவுக்கும் நாம அந்த வசனத்தை பிடிச்சுக்கிறோம், ஆனா வருஷக்கணக்கா பதில் வராம காத்திருக்கிற ஒரு அம்மாவுக்கு அந்த அதிகாரம் முழுசும் எவ்வளவு பெரிய பலம்னு யோசிச்சு பாருங்க, அட்டையில இருக்கிற அளவு அதுக்கு பத்தாது.

லேவியராகமமும் இப்படித்தான், சும்மா தாண்டிடாதீங்க, கொஞ்சம் லேட்டா வாங்க. 12ஆம் அதிகாரத்துல பிள்ளை பெத்த அம்மா ஆட்டுக்குட்டி கொண்டு வரணும், சக்தியில்லன்னா ரெண்டு காட்டுப்புறாவோ ரெண்டு புறாக்குஞ்சோ போதும்னு இருக்கு. லூக்கா 2:24ல மரியாளும் யோசேப்பும் கொண்டு வந்தது அந்த ஏழைங்களோட காணிக்கை. லூக்கா அதை விளக்கி சொல்லவே இல்ல, லேவியராகமம் வாசிச்சவங்களுக்கு மட்டும்தான் அங்க மனசு நிக்கும். 19ஆம் அதிகாரத்துல வயல் ஓரத்தை முழுசா அறுக்காம எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுடுன்னு இருக்கு, அந்த சட்டத்தாலதான் ரூத் போவாஸோட வயல்ல கதிர் பொறுக்குறா.

வாசிக்கும்போது புரியாதது வந்தா ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு மேல போங்க, ஞாயித்துக்கிழமை சபை ஐயர்கிட்டயோ பாஸ்டர்கிட்டயோ அதை காட்டி கேளுங்க, சந்தோஷமா சொல்லுவாங்க. வாசிச்சு முடிச்சதும் அந்த அதிகாரத்துல இருந்தே ரெண்டு வரி ஜெபம் பண்ணுங்க, வேற ஜெபக்குறிப்பு எல்லாம் அதுக்கு அப்புறம்.

குடும்ப ஜெபத்துல வாசிக்கிறது வேற, தனியா வாசிக்கிறது வேற. ஸ்காட்லாந்துல டண்டீ ஊர் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842ல தன் சபைக்கு போட்டுக்கொடுத்த அட்டவணையிலயே ரெண்டு பகுதி குடும்பத்தோட, ரெண்டு பகுதி தனிமையிலன்னு பிரிச்சிருந்தார், இது வெறும் சடங்கா ஆகிடலாம், சிலருக்கு சுமக்க முடியாத நுகமாவும் ஆகலாம்னு அப்பவே எச்சரிச்சும் இருந்தார். வீட்டுல எல்லாரும் சேர்ந்து உட்காரும்போது ஒரு அதிகாரத்துக்கு மேல வேண்டாம், ஆளுக்கு ரெண்டு வசனம், சின்ன பிள்ளை தடுமாறினா நீங்க எடுத்து வாசிச்சிடாதீங்க, காத்திருங்க. முடிஞ்சதும் பிள்ளைங்களை பரீட்சை மாதிரி கேள்வி கேக்காம, இதுல யார் பேசினாங்க, உனக்கு யாரை பிடிச்சதுன்னு மட்டும் கேளுங்க. எழுத படிக்க தெரியாத பாட்டி இருந்தா அவங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச சங்கீதத்தை சொல்ல சொல்லுங்க. தன்னோட இளம் ஊழியக்காரன் தீமோத்தேயுவோட விசுவாசத்தை பத்தி பேசும்போது பவுல் முதல்ல பேர் சொல்றது அவனோட பாட்டி லோவிசாளைத்தான்.

நாள் விட்டுப்போகும், காய்ச்சல் வரும், கல்யாண வீடு வரும். அப்போ விட்ட அதிகாரத்தை எல்லாம் ஒரே ராத்திரியில வாசிச்சு கணக்கு தீர்க்காதீங்க, எங்க நின்னீங்களோ அங்க இருந்து ஒரு அதிகாரம் வாசிங்க போதும். இதுக்காகத்தான் தேதி போட்ட அட்டவணையை விட, வாசிச்ச அதிகாரத்துக்கு டிக் போடுற வெறும் பட்டியல் நல்லதுன்னு சொல்றேன்.

ஜனவரி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். லூக்கா 24 அதிகாரம், டிசம்பர் 1ஆம் தேதி சாயங்காலம் வீட்டுல ஆரம்பிச்சா 24ஆம் தேதி ராத்திரி முடியும். முதல் அதிகாரம் மட்டும் 80 வசனம், பிள்ளைங்க இருந்தா அதை நவம்பர் 30லயே பாதி வாசிச்சு வச்சுக்கோங்க.