ஊசி போட்டுவிட்டு நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு

கோவை ரேஸ் கோர்ஸில் காலையில் புதிதாக நடக்க வரும் சர்க்கரைக்காரர்களைப் பார்த்தால், பழைய ஆட்கள் பட்டுத் தெளிந்த அதே தப்புகள்தான். நடந்து முடித்ததும் பேக்கரியில் நுழைவதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை; அது எல்லாருக்கும் தெரியும்.

ஊசிக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு நடை

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) போடுகிறவர்களிடம் அரை மணி கழித்துச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். அந்த அரை மணியை ஏன் வீணாக்க வேண்டும் என்று நடக்க வந்துவிடுகிறார்கள். பேச்சுத்துணை கிடைத்தால் அது ஒரு மணி நேரமாகிவிடும். அதற்குள் மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும். நடக்கிற தசையும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கும். வயிறோ காலி; சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிடும். ஊசியைத் தொடையில் போட்டிருந்தால் இன்னும் மோசம்; நடையில் ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரமே ஏறிவிடும்.

போன மார்கழியில், தறிப்பட்டறையை மகன்களிடம் விட்டுவிட்டுக் கோவைக்குக் குடிவந்த பெரியவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏனுங்கய்யா, சாப்பிட்டீங்களா?"

"ஊசி போட்டாச்சுங்க. போய்த்தான் சாப்பிடோணும்" என்றார், நாக்குக் குழற.

பக்கத்திலிருந்தவர் கிரீம் பிஸ்கட்டை நீட்டினார். நல்ல மனசுதான், ஆனால் கொழுப்புள்ள பண்டத்தில் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பொடி 15 கிராம் அளவுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 62தான், இன்னும் குறைவு. மறுபடி ஒரு டம்ளர் போனபிறகுதான் முகம் தெளிந்தது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும் கிளைமிபிரைடு மாத்திரைக்காரர்களும் இதில் அடக்கம். அப்படிச் சுரக்க வைக்காத மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் இந்தப் பயம் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு முதலில் நடை, அப்புறம் ஊசி, அப்புறம் சாப்பாடு என்பதே சரிப்படும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஊசியோ கிளைமிபிரைடோ எடுப்பவர்கள், கிளம்பும்போது சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஜிம்மில் எடை தூக்கிவிட்டுக் கூடுதல் ஊசி

கனமாகத் தூக்கினால் அட்ரினலின் சுரந்து சர்க்கரை கொஞ்ச நேரம் ஏறும், பிறகு தானாக இறங்கும். பதறி ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்து இறக்கிவிடும்.

சாயந்தரம் சென்னிமலை முருகன் கோயில் படி, ராத்திரி அரை வயிறு

படியேறிக் களைத்த தசை, தீர்ந்த சர்க்கரைக் கையிருப்பை ராத்திரியெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை 24 மணி நேரம் வரைகூட இறங்கலாம். படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள்.

கால் மரத்தவர்கள் வெயிலில் வெறுங்காலோடு மலையேறுவது

வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சர்க்கரை 250-க்கு மேல், கூடவே கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்)

அன்றைக்கு நடையே கிடையாது, டாக்டருக்குப் போன் போடுங்கள்.