முதல்முறை வெளிநாடு போகிறீர்களா? ஏமாறாமல் திரும்ப ஒரு செய்முறை

சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றும் தந்திரங்கள் ஊருக்கு ஊர் வேஷம் மாறும். ஆரம்பம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் யாரையும் தேடிப் போயிருக்க மாட்டீர்கள், அவராகவே வந்து பேச்சுக் கொடுத்திருப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: கிளம்பும் முன்

பார்க்கப்போகும் இடங்களின் திறப்பு நேரத்தை அவற்றின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்கிறீர்களா? பாங்காக் அரண்மனைக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர், "இன்று ஏதோ விசேஷம், மூடிவிட்டார்கள்" என்பார். பக்கத்திலேயே ஒரு துக்துக், அடிமாட்டு வாடகைக்குத் தயாராக நிற்கும். ஒன்றிரண்டு கோயிலைக் காட்டிவிட்டு ரத்தினக் கல் கடையில் கொண்டுபோய் இறக்கும். "இன்றுதான் கடைசி நாள், உங்கள் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்" என்று அங்கே ஒரு பேச்சு. அரண்மனையோ அவ்வளவு நேரமும் திறந்தேதான் இருந்திருக்கும். யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுன்டர் வரை நடந்துபோய்ப் பாருங்கள்.

படி 2: டாக்ஸி

விமான நிலையத்துக்குள்ளேயே வந்து "டாக்ஸி வேண்டுமா?" என்பவரை விட்டுவிட்டு, வெளியே உள்ள வரிசைக்குப் போங்கள், இல்லையென்றால் ஆப்பில் வண்டி பிடியுங்கள். மீட்டரா, பேசின தொகையா என்பது பெட்டி டிக்கிக்குள் போகும் முன்பே முடிவாக வேண்டும். பெட்டி உள்ளே போனபிறகு பேரம் அவர் கையில்.

படி 3: பணம்

கவனம் அதிகம் வேண்டியது இங்கேதான். வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நீட்டினால் 25 மடங்கு போய்விடும். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பணம் மாற்றும் கடையில் கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்கட்டும். எண்ணி முடித்த கட்டை "ஒருமுறை சரிபார்க்கிறேன்" என்று திருப்பிக் கேட்டால், கொடுத்துவிடாதீர்கள். சில நோட்டுகள் மேஜைக்குப் பின்னால் நழுவுவது அந்த நொடியில்தான்.

கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்மிலும் "உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று திரையில் கேட்கும். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றது மோசடி இல்லை, சட்டப்படியான வியாபாரம்தான். ஆனாலும் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

படி 4: தெரு

பாரிஸில் சாக்ரே-கர் தேவாலயப் படிகளில் கையில் வண்ணக் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் போதும். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று இளைஞர்கள் தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டால், பில்லைப் பார்க்கும்போது தலை சுற்றும்.

இஸ்தான்புல்லில் நானே மாட்டினேன். முன்னால் நடந்துபோன ஷூ பாலிஷ்காரரின் பிரஷ் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். நன்றிக்கடனாகப் பாலிஷ் போடுகிறேன் என்று குனிந்துவிட்டார். முடிந்ததும் கையை நீட்டினார். நான் போட்டிருந்தது துணி ஷூ!

"போலீஸ்" என்று சொல்லிப் பர்ஸைக் கேட்கிறாரா? "ஸ்டேஷனுக்கே வருகிறேன், அங்கே காட்டுகிறேன்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். போலிகள் பலரும் அத்தோடு நகர்ந்துவிடுவார்கள்.

படி 5: ஏமாந்துவிட்டால்

முதலில் கார்டை முடக்குங்கள். அப்புறம் போலீஸில் எழுத்துப் புகார். இன்சூரன்ஸ் கேட்கும்போது அந்தக் காகிதம் வேண்டும். தாய்லாந்தில் சுற்றுலா போலீஸ் எண் 1155, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112. பாஸ்போர்ட் போயிருந்தால் புகார் நகலோடு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்திருந்தால் அங்கே வேலை சுலபம்.